திறந்த ஸ்பானியத்தின் 14ஆவது நகர்வு: நியூயார்க் 1995, பான் 2008

திறந்த ஸ்பானியம் என்பது சதுரங்கத்தில் ஸ்பானியத் திறப்பின் ஒரு கிளை. ரூய் லோபஸ் என்ற பெயராலும் அறியப்படும் அத்திறப்பில், கறுப்பு தன் ஐந்தாவது நகர்வில் குதிரையால் இ4 சிப்பாயை எடுக்கும்போது இந்தக் கிளை உருவாகிறது. இதற்குள்ளும் ஒரு சிறு கிளை உண்டு. கறுப்பு பத்தாவது நகர்வில் சிப்பாயை டி4 கட்டத்துக்குத் தள்ளும். உடனே வெள்ளைக் குதிரை ஜி5-இல் வந்து நிற்கும். கறுப்பு ராணி அதைத் தாராளமாக எடுக்கலாம். எடுத்தாலும் தொல்லை, எடுக்காவிட்டாலும் தொல்லை என்ற நிலை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1995ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டியில் விஸ்வநாதன் ஆனந்த், காரி காஸ்பரோவிடம் தோற்ற பத்தாவது ஆட்டம் இந்தச் சிறு கிளையில் ஆடப்பட்டது. முப்பது ஆண்டுகளாக அது "யானைத் தியாக ஆட்டம்" என்று பாராட்டப்பட்டு வருகிறது. பாராட்டு தகும். ஆனால் அந்த ஆட்டத்திலிருந்து பெரும்பாலோர் எடுத்துக்கொண்ட பாடம், "இது ஆபத்தான திறப்பு, ஆடாதே" என்பது. பலகையைப் பொறுமையாகப் பார்த்தால் அந்தப் பாடம் சரியல்ல என்று தெரியும். திறப்பில் இருந்த ஆபத்து இருவருக்கும் சமமானதாக இல்லை. ஏன் சமமாக இல்லை என்பதே இங்கு ஆராயத்தக்கது.

(கட்டங்கள் வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரையும் குறிக்கப்படுகின்றன. காய்களுக்கு ராஜா, ராணி, யானை, மந்திரி, குதிரை, சிப்பாய் என்று தமிழ்நாட்டில் வழங்கும் பெயர்களே பயன்படுத்தப்பட்டுள்ளன.)

குதிரை ஜி5-க்கு வந்த கதை

வரிசை இது: 1. இ4 இ5 2. குதிரை எஃப்3, குதிரை சி6 3. மந்திரி பி5, ஏ6 4. மந்திரி ஏ4, குதிரை எஃப்6 5. கேஸ்லிங், குதிரை இ4-ஐ எடுக்கிறது 6. டி4 பி5 7. மந்திரி பி3, டி5 8. டி சிப்பாய் இ5-ஐ எடுக்கிறது, மந்திரி இ6 9. பி1 குதிரை டி2-க்கு, குதிரை சி5 10. சி3 டி4 11. குதிரை ஜி5.

பதினோராவது நகர்வு உலக அரங்கில் பேசப்பட்டது 1978இல். பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் அனத்தோலி கார்ப்பொவுக்கும் விக்தர் கோர்ச்னாய்க்கும் நடந்த உலகச் சாம்பியன் போட்டியின் பத்தாவது ஆட்டத்தில் கார்ப்பொவ் இதை ஆடினார். கண்டுபிடித்தவர் அவருடைய உதவியாளர் ஈகர் சைத்செவ். அப்போது கார்ப்பொவின் குழுவில் முன்னாள் உலகச் சாம்பியன் மிகைல் தாலும் இருந்தார். கோர்ச்னாய் குதிரையைத் தொடவில்லை. சி3 சிப்பாயை எடுத்தார். வெள்ளைக் குதிரை இ6 மந்திரியை எடுக்க, எஃப் சிப்பாய் அதை எடுத்தது. பி சிப்பாய் சி3-ஐ எடுத்தது. பிறகு கறுப்பு ராணி டி3-க்கு இறங்கியது. கார்ப்பொவ் பதினான்காவது நகர்வில் குதிரையை எஃப்3-க்குக் கொண்டுவந்தார். ராணிகள் வெட்டுப்பட்டன. ஆட்டம் சமனில் முடிந்தது.

ஜி5 குதிரையை எடுத்தால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டே வசீலி ஸ்மிஸ்லொவ் யான் திம்மனுக்கு எதிராக எடுத்துப் பார்த்தார். வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து சி6 குதிரையைக் குறிவைத்தது; ஸ்மிஸ்லொவ் தோற்றார். ஆகவே 1995க்குள் பொதுவான கருத்து இப்படி உறைந்திருந்தது: குதிரையை எடுக்காதே, டி3-இல் ராணியை நிறுத்து, கறுப்புக்குப் பெரிய கவலை இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டி3-இல் நிற்கும் கறுப்பு ராணி தனியாகத்தான் நிற்கிறது. அதன் ராஜா இன்னும் இ8-இல். எஃப்7 கட்டம் காலி. எஃப்8 மந்திரியும் எச்8 யானையும் அசையவே இல்லை. பதினேழு ஆண்டுகள் இந்த நிலையைப் பார்த்தவர்கள், வெள்ளை ராணியை வெட்டிக்கொள்ளும் என்றோ, குதிரையை அமைதியாக நகர்த்தும் என்றோ எண்ணிப் பழகிவிட்டார்கள். பழக்கம் ஒரு நிலையைப் பாதுகாப்பானதாகக் காட்டிவிடும்.

நியூயார்க், 1995

போட்டி உலக வர்த்தக மையத்தின் தெற்குக் கோபுரத்தில், 107ஆம் தளத்தில் நடந்தது. மொத்தம் 20 ஆட்டங்கள் திட்டமிடப்பட்டன. முதல் எட்டும் சமன். அவற்றுள் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் கறுப்புக் காய்களுடன் இதே கிளையை ஆடினார். காஸ்பரோவ், கார்ப்பொவைப் போலவே, 14ஆவது நகர்வில் குதிரையை எஃப்3-க்கு நகர்த்தினார். ஆனந்த் ராணிப் பக்கம் கேஸ்லிங் செய்தார். சமன்.

ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் வென்று 5-4 என முன்னிலை பெற்றார். அடுத்த ஆட்டத்தில் மீண்டும் அவருக்குக் கறுப்பு. மீண்டும் அதே திறந்த ஸ்பானியம். நகர்வுகள் ஆறாவது ஆட்டத்தைப் போலவே ஓடின. 13ஆவது நகர்வில் கறுப்பு ராணி டி3-இல்.

14. மந்திரி சி2. பி3-இல் இருந்த மந்திரி ராணியைத் தாக்குகிறது. அந்த மந்திரியை டி1 ராணி காக்கிறது. எனவே கறுப்பு அதை எடுக்க இயலாது. ராணி எங்காவது போக வேண்டும். போகும் வழியில் சி3 சிப்பாயை எடுத்துக்கொள்ளலாம். எடுத்தால் அதே கோணக்கோட்டில் ஏ1 யானையும் குறியில் வரும். இந்த எண்ணத்தின் வேர் மிகைல் தாலிடம் இருப்பதாகச் சதுரங்க உரையாளர்கள் சொல்வதுண்டு. ஆனந்த் சிறுவனாக ஆடிப் பழகிய இடம் சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் இயங்கிய சதுரங்கச் சங்கம். அதன் பெயர் தால் சதுரங்கச் சங்கம்! இதைவிடக் கசப்பான தற்செயல் சதுரங்க வரலாற்றில் அதிகம் இருக்காது.

ஆனந்த் நெடுநேரம் யோசித்துச் சிப்பாயை எடுத்தார். காஸ்பரோவ் யோசிக்கவே இல்லை. 15. குதிரை பி3. இப்போது ஏ1 யானையைக் குதிரை காக்கிறது. 15... குதிரை பி3-ஐ எடுக்கிறது. 16. மந்திரி பி3-ஐ எடுக்கிறது. யானைக்கு மறுபடி காவல் இல்லை.

உடனே யானையை எடுக்கலாமே என்று கற்பவர்கள் கேட்பது இயல்பு. எடுத்தால் வெள்ளை ராணி எச்5-இல் செக் சொல்லும். எஃப்7 சிப்பாய் இ6-க்குப் போய்விட்டதால் அந்தக் கோணக்கோடு திறந்து கிடக்கிறது. கறுப்பு ஜி6 என்று தடுக்க, ராணி எஃப்3-க்குத் திரும்பும். அங்கிருந்து சி6 குதிரையும் அதற்குப் பின்னால் ஏ8 யானையும் ஒரே கோட்டில் தெரியும். இதைப் பார்த்ததால்தான் ஆனந்த் முதலில் 16... குதிரை டி4 ஆடினார். 17. ராணி ஜி4. இப்போது 17... ராணி ஏ1-ஐ எடுக்கிறது. 18. மந்திரி இ6-ஐ எடுக்கிறது, யானை டி8.

19. மந்திரி எச்6. ஆட்டத்தின் மிக அழகான நகர்வு 14ஆவது அல்ல, இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. சி1-இல் மந்திரி இருந்தவரை எஃப்1 யானைக்கும் கறுப்பு ராணிக்கும் நடுவே அது ஒரு சுவர். சுவர் நகர்ந்ததும் யானை நேராக ஏ1-இல் நிற்கும் ராணியைப் பார்க்கிறது. மந்திரியை ஜி சிப்பாயால் எடுத்தால் ராணி போகும். எடுக்காமல் ராணியைக் காப்பாற்றினால் ஜி7 போகும். 19... ராணி சி3 20. மந்திரி ஜி7-ஐ எடுக்கிறது, ராணி டி3 21. மந்திரி எச்8 யானையை எடுக்கிறது, ராணி ஜி6 22. மந்திரி எஃப்6, மந்திரி இ7 23. மந்திரி இ7-ஐ எடுக்கிறது, ராணி ஜி4 ராணியை எடுக்கிறது 24. மந்திரி ஜி4-ஐ எடுக்கிறது, ராஜா இ7-ஐ எடுக்கிறது.

புயல் ஓய்ந்த பின் பலகையில் இருப்பதை எண்ணிப் பார்ப்பது நல்லது. வெள்ளைக்கு ஒரு யானை, ஒரு மந்திரி, ஐந்து சிப்பாய்கள். கறுப்புக்கு ஒரு யானை, ஒரு குதிரை, நான்கு சிப்பாய்கள். அவ்வளவுதான். ஒரே ஒரு சிப்பாய் அதிகம். ஆனால் வெள்ளையின் இ5 சிப்பாய்க்கு எதிரே யாரும் இல்லை. அதற்குத் துணையாக எஃப், ஜி சிப்பாய்களும் வரும். காஸ்பரோவ் அதை அவசரமின்றி நடத்தினார். 38ஆவது நகர்வில் ஆனந்த் விலகினார்.

தியாகமா, கடனா?

ஏ1 யானை கொடுக்கப்பட்டது 17ஆவது நகர்வில். எச்8 யானை கிடைத்தது 21ஆவது நகர்வில். நான்கு நகர்வுகளில் திரும்பி வந்த ஒன்றைத் தியாகம் என்று அழைப்பது தாராள மனது. அது கடன், ஒரு சிப்பாய் வட்டியோடு திரும்பிய கடன். தால் செய்த தியாகங்கள் வேறு வகை: திரும்பி வருமா என்று அவருக்கே உறுதி இருக்காது, எதிராளியின் கண்ணில் இருட்டு விழுந்தால் போதும் என்று ஆடுவார். காஸ்பரோவின் 14ஆவது நகர்வில் அந்த நடுக்கம் இல்லை. அவர் அதைப் பலகையில் தேடவில்லை; அறையிலிருந்து எடுத்து வந்தார். எண்ணத்தைத் தாலிடமிருந்து பெற்றவர், அதில் இருந்த சூதாட்டத்தை நீக்கிவிட்டார் என்பதே பொருத்தமான மதிப்பீடு.

இதனால் காஸ்பரோவின் சிறப்பு குறைந்துவிடாது. தயாரிப்பும் சதுரங்கத்தின் பகுதிதான். ஆனால் அந்த ஆட்டத்தை "துணிச்சலின் உச்சம்" என்று புகழ்வது பொருந்தாது. அன்று துணிச்சல் தேவைப்பட்டவர் ஆனந்த். முன்பின் பார்த்திராத நிலையில், கடிகாரம் ஓட, ஒவ்வொரு கிளையையும் புதிதாக எண்ணியவர் அவர்தான். 16ஆவது நகர்வில் யானையை எடுக்காமல் குதிரையை டி4-க்குக் கொண்டுவந்தது அவர் எவ்வளவு தூரம் பார்த்தார் என்பதற்குச் சான்று.

அவருக்கு வேறு வழி இருந்ததா? 15ஆவது நகர்வில் பி3 குதிரையை எடுப்பதற்குப் பதிலாக ஏ8 யானையை டி8-க்குக் கொண்டுவருவது பலகையில் வைத்துப் பார்க்கத்தக்கது. டி கோடு திறந்திருப்பதால் யானை நேராக வெள்ளை ராணியைத் தாக்கும். வெள்ளை மந்திரியை டி2-இல் வைத்துத் தடுக்கும்; அதே நேரம் அது கறுப்பு ராணியையும் தாக்கும். அப்போது கறுப்பு ஏ1 யானையை மறந்துவிட்டு இ5 சிப்பாயை எடுக்கலாம். அல்லது டி2-இல் யானையைக் கொடுத்து மந்திரியை வாங்கலாம். எப்படியானாலும் ஆட்டம் வெள்ளை வரைந்த பாதையிலிருந்து விலகும். கறுப்பு தப்பும் என்று இதற்குப் பொருள் இல்லை. வெள்ளையும் தானாக யோசிக்க வேண்டிய கட்டாயம் வரும் என்று பொருள். தயாரித்து வந்தவரோடு ஆடும்போது அதுவே பெரிய லாபம்.

உண்மையான முடிவு அதற்கும் முன்னால் எடுக்கப்பட்டது. ஆறாவது ஆட்டத்தில் ஆடிய கிளையையே பத்தாவது ஆட்டத்திலும் ஆடுவது என்ற முடிவு அது. ஆறாவது ஆட்டத்தில் சமன் கிடைத்தது. முன்னிலையில் இருக்கும்போது அதே வழியில் இன்னொரு சமன் எடுப்பது நியாயமான கணக்கு. எந்தப் பயிற்சியாளரும் குறை சொல்லியிருக்க மாட்டார். ஆனால் இடைப்பட்ட நாட்களில் எதிராளிக்கு 13 நகர்வுகள் கொண்ட துல்லியமான முகவரி கிடைத்துவிட்டது. எங்கே வருவார் என்று தெரிந்தவர் அங்கே காத்திருக்கலாம். இதைத்தான் "திறப்பின் ஆபத்து" என்று சொல்லிவிடுகிறோம்.

அதன் பிறகு நடந்ததும் இதையே காட்டுகிறது. 11ஆவது ஆட்டத்தில் காஸ்பரோவ், பெரிய போட்டிகளில் தம்மிடம் எவரும் எதிர்பார்க்காத சிசிலியன் டிராகனைக் கறுப்புக்கு எடுத்தார். அதுவும் கத்தி முனைத் திறப்புதான். அதில் அவர் 11, 13 ஆகிய இரண்டு ஆட்டங்களை வென்றார். 14ஆவது ஆட்டத்தில் ஆனந்த் இ5-ஐயே விட்டுவிட்டு ஸ்காண்டினேவியத் தற்காப்புக்குப் போனார். திறப்பில் நல்ல நிலையைப் பெற்றும் தோற்றார். போட்டி 18 ஆட்டங்களில் 10.5-7.5 என முடிந்தது.

கற்பவர்கள் கையில்

சென்னையின் மேற்குப் புறநகரில் சதுரங்கம் இன்று வீட்டுப் பாடம் போல ஆகிவிட்டது. பாடியைச் சேர்ந்த ஆர். பிரக்ஞானந்தா 2018இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனதை நேரில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அம்பத்தூரிலும் ஆவடியிலும் அண்ணனூரிலும் உண்டு. சனி, ஞாயிறு வகுப்புகளில் பத்து வயதுப் பிள்ளை இருபது நகர்வு வரை ஒரு கூரான கிளையை நிறுத்தாமல் ஒப்பிப்பதைக் கேட்கலாம். நினைவாற்றல் வியக்கத்தக்கது. நடுவில் ஒரு நகர்வை மாற்றி வைத்துப் பார்த்தால்தான் சங்கடம் தெரியும். வாய்ப்பாட்டை இடையில் நிறுத்தினால் மறுபடி ஓரொண்ணிலிருந்து தொடங்கும் குழந்தையைப் போல, பலகையை விட்டு விட்டத்தைப் பார்க்கிறார்கள்.

கைப்பேசியில் உள்ள நிரல் இந்தக் கிளைக்கு ஓர் எண்ணைக் காட்டும். பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருந்தால் "சமம், ஆடலாம்" என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அந்த எண், இருபுறமும் பிழையின்றி ஆடினால் வரும் முடிவைச் சொல்கிறது. பிழையின்றி ஆடுவது எந்தப் பக்கத்துக்கு எளிது என்பதை அது சொல்வதில்லை. பத்தாவது ஆட்டத்தின் 14ஆவது நகர்வுக்குப் பின் வெள்ளைக்கு அடுத்த பல நகர்வுகள் கண்ணுக்குத் தெரிந்தவை. கறுப்புக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று கதவுகள், சில கதவுகளுக்குப் பின் கிணறு. எண்ணில் சமமாக இருந்தாலும் உழைப்பில் சமம் இல்லை.

பான், 2008

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து இதே கதை இடம் மாறி நடந்தது. ஜெர்மனியின் பான் நகரில் 2008 அக்டோபரில் உலகச் சாம்பியனாக ஆனந்த், விளாதிமிர் கிராம்னிக்கைச் சந்தித்தார். மூன்றாவது ஆட்டத்தில் ஆனந்துக்குக் கறுப்பு. திறப்பு அரை ஸ்லாவின் மெரான் கிளை. இதிலும் கறுப்பு ராஜா நடுவிலேயே நிற்கும். சிப்பாய்கள் சிதறிக் கிடக்கும். 14ஆவது நகர்வில் (எண் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான்) ஆனந்த், பி5 சிப்பாயைக் காக்காமல் மந்திரியை பி7-இல் வைத்தார். கிராம்னிக் பி5-ஐ எடுத்தார். ஆனந்த் 15... மந்திரி டி6 ஆடி, பிறகு யானையை ஜி8-க்குக் கொண்டுவந்து, காலியான ஜி கோட்டில் வெள்ளை ராஜாவை நோக்கி நிறுத்தினார். நடுவில் பிழைகள் இல்லாமல் இல்லை. 33ஆவது நகர்வில் ஆனந்தே வலிமையான தொடர்ச்சியைத் தவறவிட்டார். ஆயினும் நேரமும் நிலையும் கிராம்னிக்குக்கு எதிராக இருந்தன. 41 நகர்வுகளில் ஆனந்த் வென்றார்.

பிறகு ஐந்தாவது ஆட்டம். கிராம்னிக் மீண்டும் அதே கிளைக்கு வந்தார். தோற்ற வழியில் திரும்பி வருபவர் பெரும்பாலும் ஒரு மருந்தோடுதான் வருவார். ஆனால் முதலில் வழி மாறியவர் ஆனந்த். 15ஆவது நகர்வில் மந்திரிக்குப் பதிலாக யானையை நேராக ஜி8-க்கு நகர்த்தினார். நியூயார்க்கில் காஸ்பரோவ் 14ஆவது நகர்வில் செய்ததும் இதுவே: எதிராளி முகவரியை நம்பி வந்து நிற்கிறார்; வீட்டுக்காரர் கதவை மாற்றிவிடுகிறார். கிராம்னிக் கொண்டுவந்த மருந்து எதுவாக இருந்தாலும் அது பயன்படவில்லை.

அந்த ஆட்டத்தில் கறுப்பு ராஜா 21ஆவது நகர்வில் இ7-இல் ஏறி நின்றது. கேஸ்லிங் செய்யவே இல்லை. 29ஆவது நகர்வில் கிராம்னிக் டி4 சிப்பாயைக் குதிரையால் எடுத்தார். சிப்பாய் இலவசம் என்று தோன்றும். கறுப்பு ராணி குதிரையை எடுக்க, யானை டி1-க்கு வந்து ராணியைத் தாக்குகிறது. கறுப்புக் குதிரை எஃப்6-க்கு வந்து வெள்ளை ராணியைத் தாக்குகிறது. ராணிகள் வெட்டுப்படுகின்றன, வெள்ளை யானை டி7-இல் செக் சொல்லி பி7 மந்திரியையும் எடுத்துவிடுகிறது. கணக்கு சரியாக வருவதுபோல் இருக்கிறது. அப்போது கறுப்பு யானை சி1-இல் செக், வெள்ளை மந்திரி எஃப்1-இல் தடுப்பு, கறுப்புக் குதிரை இ3! குதிரையை எஃப் சிப்பாய் எடுக்க, எஃப்4 சிப்பாய் இ3-ஐ எடுத்து, ராணியாவதற்கு இரண்டே அடி தூரத்தில் நிற்கிறது. எஃப்1 மந்திரி கட்டுண்டு கிடக்கிறது. தடுக்க வேறு காய் பக்கத்தில் இல்லை. 35ஆவது நகர்வில் கிராம்னிக் விலகினார். ஆறாவது ஆட்டத்தையும் ஆனந்த் வென்றார், போட்டி 6.5-4.5 என அவர் பக்கம் முடிந்தது.